சாணவாயுவும் அரசின் கடனும்
ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

சாணத்தைக் கழிவென்று ஒதுக்குதல் தமிழர் மரபன்று. முற்றத்தை மெழுகுதற்கும், பயிருக்கு எருவிடுதற்கும், சுட்டு நீறாக்கி நெற்றியில் அணிதற்கும் அதனைப் பயன்படுத்தி வந்த மக்கள் நாம். ஆயினும், அச்சாணத்தினுள்ளே அடுப்பெரிக்கவல்ல வாயுவொன்று அடங்கிக் கிடக்கின்றதென்பதையும், அவ்வாயுவைப் பிரித்தெடுத்த பின்னரும் எருவின் சத்துப் பெரிதும் குன்றாதென்பதையும் விஞ்ஞானம் வளர்ந்த பிற்காலத்திலேயே நாம் அறிந்துகொண்டோம். அறிந்த பின்னரும் பண்டாரவளை, பதுளை, அப்புத்தளை, வெலிமடை ஆகிய பகுதிகளிலுள்ள தோட்டங்களிற் பெரும்பாலானவற்றில் அவ்வறிவு அடுப்படிவரை சென்று சேரவில்லை. ஏன் சேரவில்லை? சேர்ப்பதற்கு அரசாங்கம் செய்யவேண்டுவது யாது? இவ்விரு வினாக்களையுமே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

வாயு பிறக்கும் விதம்

காற்றுப் புகும் இடத்தில் ஒரு பொருள் மக்கினால் அதிலிருந்து பெரும்பாலும் காபனீரொட்சைட்டு வெளிப்படும். காற்றே புகாத இடத்தில் அது மக்கினால் மெதேன் என்னும் எரிவாயு தோன்றும். 1776ஆம் ஆண்டிலே வோல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞர், மஜ்ஜோரே ஏரிக்கரையின் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து, அவை தீப்பற்றுவதைக் கண்டார். 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரத்திலே கழிவுநீர்த் தொட்டியிற் பிறந்த வாயுவைக்கொண்டு தெருவிளக்குகளை எரித்தனர்.

இத்தொழிலைச் செய்வன கண்ணுக்குத் தோன்றாத பல்வகை நுண்ணுயிர்கள். முதற்படியில் ஒருவகை நுண்ணுயிர்கள் சாணத்திலுள்ள மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றைக் கரையும் பொருள்களாகச் சிதைக்கின்றன. இரண்டாம் படியில் அவை அமிலங்களாகின்றன. மூன்றாம் படியில் அவ்வமிலங்கள் அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் மாறுகின்றன. ஈற்றிலே மெதேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் தம் பணியைச் செய்கின்றன. இவ்வீற்றுக் கூட்டத்தார் மிகவும் மென்மையான இயல்புடையோர். காற்றுப் பட்டால் மடிவர், அமிலம் மிகுந்தால் ஓய்வர், குளிர் மிகுந்தால் உறங்குவர். அவர்களைப் பேணுதலே சாணவாயுக் கலையின் சாரம் எனலாம்.

இவ்வாறு கிடைக்கும் வாயுவில் மெதேன் ஏறத்தாழ 55 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். எஞ்சியதிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டும் சிறிதளவு கலந்திருக்கும். அடுப்பையும் குழாயையும் அரிப்பது இதுவே. இரும்புத் தூள் நிறைந்த குழாயொன்றினூடே வாயுவைச் செலுத்தினால் இக்கேடு பெரிதும் நீங்கும்.

குளிர்நாட்டின் கணக்கு

சமவெளியிற் செய்த கணக்கை அப்படியே மலைநாட்டிற்குக் கொண்டுவருதல் தவறாகும். மெதேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் 35 பாகை செல்சியசு அளவிலே ஊக்கமாகத் தொழிற்படுவன. 15 பாகைக்குக் கீழே மிகவும் மந்தமாவன. பண்டாரவளை கடல்மட்டத்திற்கு மேல் 1,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பது. இங்கு சராசரி வெப்பநிலை 20 பாகையளவிலே நிற்கின்றது. மார்கழி, தை மாத இரவுகளில் அது மேலும் இறங்குகின்றது. ஆதலின் இங்கு வாயு குறைவாகவும் மெதுவாகவும் எழும்.

எவ்வளவு குறையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கொட்டிலில் கட்டி வளர்க்கப்படும் கலப்பினப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் இடுமெனக் கொள்வோம். இரண்டு பசுக்களிடமிருந்து 40 கிலோ கிடைக்கும். சமவெளி வெப்பத்தில் ஒரு கிலோ சாணம் சுமார் 0.04 கன மீற்றர் வாயுவைத் தரும். எனவே 40 கிலோவிற்கு 1.6 கன மீற்றர். பண்டாரவளைக் குளிரின் பொருட்டு அதில் மூன்றிலொரு பங்கைக் கழித்தாலும் நாளொன்றுக்கு ஒரு கன மீற்றர் எஞ்சும். ஒரு கன மீற்றர் சாணவாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவிற்கு ஒப்பாகும். முப்பது நாளில் இது 13 கிலோவைத் தாண்டும். கடையில் விற்கப்படும் பெரிய கொள்கலனில் உள்ளது 12.5 கிலோ மட்டுமே. அஃதாவது இரண்டு பசுக்கள் மாதந்தோறும் ஒரு கொள்கலன் எரிவாயுவைத் தம் கொட்டிலிலேயே இட்டுச் செல்கின்றன.

இதற்கு வேண்டிய குழி எத்துணைப் பெரிது? 40 கிலோ சாணத்துடன் 40 லீற்றர் நீரைக் கலந்தால் 80 லீற்றர் கரைசல் ஆகும். குளிர்நாட்டில் அது 60 நாளேனும் கலத்தினுள் தங்கியிருத்தல் வேண்டும். எனவே கரைசலுக்கு மாத்திரம் 4,800 லீற்றர், அதாவது 4.8 கன மீற்றர் இடம் வேண்டும். வாயு தங்கும் இடத்தையுங் கூட்டினால் 6 முதல் 8 கன மீற்றர் கொண்ட கலம் பொருத்தமாகும். அதனை மண்ணினுள்ளே புதைத்துக் கட்டுவதும், மேலே வைக்கோல் அல்லது மானாப்புல் பரப்புவதும், நண்பகலில் வெயிலிற் சூடேறிய நீரைக் கலப்பதும் குளிரைத் தணிக்கும் எளிய உபாயங்களாம்.

தொழிற்சாலைக்கு இது போதுமா?

தோட்டமென்றதும் தேயிலைத் தொழிற்சாலையின் நினைவு வருதல் இயல்பே. கொழுந்தை வாட்டுதற்கும் உலர்த்துதற்கும் அங்கு பெருமளவு வெப்பம் வேண்டியிருக்கின்றது. அவ்வெப்பத்தைச் சாணவாயுவினாற் பெற இயலுமா? நாளொன்றுக்கு 1,000 கிலோ தேயிலை ஆக்கும் தொழிற்சாலையொன்று, கிலோவொன்றுக்கு 1½ கிலோ விறகு வீதம் 1,500 கிலோ விறகை எரிக்கின்றதெனக் கொள்வோம். ஒரு கன மீற்றர் சாணவாயு அங்கு ஏறத்தாழ 2 கிலோ விறகின் வேலையைச் செய்யும். எனவே 750 கன மீற்றர் வாயு வேண்டும். மேற்கண்ட குளிர்நாட்டுக் கணக்கின்படி அதற்கு ஆயிரத்து நானூறு பசுக்கள் வேண்டும். ஊவாவில் எத்தோட்டத்தாலும் இதனை நினைத்துப் பார்த்தல் அரிது.

ஆகவே தொழிற்சாலைக்கு விறகு விறகாகவே இருக்கட்டும். அதற்கு யூக்கலிப்டசு, கிளிரிசீடியா முதலிய மரங்களை முறையாக நட்டு வெட்டுதலே வழி. சாணவாயு பொருந்துமிடம் வீட்டு அடுப்பு, பிள்ளைக்காம்பரா, தோட்ட வைத்தியசாலையின் சமையலறை, மாணவர் விடுதி ஆகியன. பொருந்தாத இடத்தில் புகுத்தித் தோல்வி கண்டு, பின்னர் பொருந்துமிடத்திலும் அதனைக் கைவிடுதல் நம் நாட்டில் பலகாலும் நிகழ்ந்த பிழையாகும்.

மின்னாக்குதலும் இவ்வாறே ஆராயத்தக்கது. ஒரு கன மீற்றர் வாயுவை அடுப்பில் எரித்தால் ஏறத்தாழ 6 அலகு வெப்பம் கிடைக்கும். அதனையே சிறு இயந்திரமொன்றிற் செலுத்தி மின்னாக்கினால் 1½ முதல் 2 அலகு மின்னே கிடைக்கும். எஞ்சியது புகைபோக்கி வழியே வீணாகும். வெப்பம் வேண்டிய இடத்தில் வெப்பமாகவே பயன்படுத்துதல் அறிவுடைமை.

நம் நாடு கண்ட அநுபவம்

இலங்கைக்குச் சாணவாயு புதியதன்று. 1970களிலேயே இந்திய முறையிலமைந்த மிதக்கும் மூடிக் கலங்களும், சீன முறையிலமைந்த நிலையான கவிகைக் கலங்களும் இங்கு வந்துவிட்டன. ஹம்பாந்தோட்டை மாவட்டத்துப் பட்டியபொல என்னும் கிராமத்தில், காற்று, வெயில், சாணவாயு ஆகிய மூன்றையும் இணைத்துக் கிராமத்திற்குச் சக்தி வழங்கும் முயற்சியொன்று ஐக்கிய நாடுகளின் உதவியுடன் நடைபெற்றது. 1974இல் தோன்றிய தேசிய எந்திரவியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலைக் கொண்டு வாயு ஆக்கும் முறையொன்றை வகுத்தது.

ஆயினும் விளைவு என்ன? 1996இல் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு செய்த ஆய்வு, நாட்டிற் கட்டப்பட்ட ஏறத்தாழ 5,000 கலங்களில் மூன்றிலொரு பங்கு மட்டுமே ஒழுங்காகத் தொழிற்பட்டதெனக் கண்டது. கவிகையில் வெடிப்பு, பழுது பார்ப்பாரின்மை, பயன்படுத்துவோருக்குப் பயிற்சியின்மை ஆகியனவே காரணங்கள். கலத்தைக் கட்டும்வரை ஆதரவு இருந்தது. கட்டிய மறுநாள் அவ்வாதரவு மறைந்தது. பசுவை விற்ற குடும்பத்தின் கலம் அன்றே உயிரிழந்தது என்பதையும் இங்கு சேர்த்து எண்ணுதல் வேண்டும். கலமும் கொட்டிலும் பிரிக்கவொண்ணாத இரட்டையர்.

2022ஆம் ஆண்டு நம்மை இக்கேள்விக்கு மீண்டும் அழைத்து வந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலனின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது. தோட்டத் தொழிலாளிக்கு 2021இல் விதிக்கப்பட்ட நாட்கூலி 1,000 ரூபா. ஐந்து நாள் உழைப்பை ஒரு கொள்கலன் விழுங்கியது. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தாலன்றோ! மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டும் இருந்தது. கவ்வாத்து வெட்டிய மிளாறே அடுப்பிற்கு மீண்டும் துணையாயிற்று. அதன் புகையை இலயத்தின் சிற்றறையில் சுவாசித்தவர்கள் நம் தாய்மாரும் குழந்தைகளுமே. அதற்கு முன்னே, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது சேதன எரு எங்கே என்று நாடே தேடியதும் நினைவிருக்கும். தேடிய எரு, பல கொட்டில்களின் பின்னே கான் வழியாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறநாடுகள் கற்பிக்கும் பாடம்

அரசின் ஆதரவு மூவகைப்படும்: கட்டுதற்குக் கொடுக்கும் மானியம் ஒன்று; ஆக்கிய சக்திக்குக் கொடுக்கும் விலை மற்றொன்று; பயிற்சி, தரக்கட்டுப்பாடு, பழுதுபார்த்தல் ஆகியன மூன்றாவது.

இந்தியாவில் ஜஸ்பாய் பட்டேல் 1950களில் அமைத்த மிதக்கும் மூடிக் கலத்தைக் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1960களின் தொடக்கத்தில் ஏற்றுப் பரப்பியது. 1981இல் மத்திய அரசு தேசிய சாணவாயுத் திட்டத்தைத் தொடங்கி மானியம் வழங்கிற்று. மலைப்பகுதிகளுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் மானியம் கூடுதலாக இருந்தது. 1984இல் தீனபந்து என்னும் மலிவான கவிகைக் கலம் வந்தது. இன்றுவரை அங்கு ஏறத்தாழ 50 இலட்சம் குடும்பக் கலங்கள் கட்டப்பட்டுள்ளன. அவற்றுள் எல்லாம் இயங்கவில்லை. எனினும் அடித்தளம் பரந்தது.

நமக்கு மிகவும் பொருத்தமான ஆசிரியர் நேபாளம் என்பது எமது துணிபு. அதுவும் மலைநாடு, அங்கும் குளிருண்டு, அங்கும் இரண்டொரு மாடு வைத்துப் பிழைக்கும் எளிய மக்களே பெரும்பான்மையோர். 1992இல் ஒல்லாந்தின் உதவியுடன் தொடங்கிய திட்டத்தில் மானியம் இத்தனை ரூபா என்று நிலையாக வகுக்கப்பட்டது. மலைக்கும் தொலைவிடங்களுக்கும் அது அதிகம். தகுதி பெற்ற கட்டுநருக்கே மானியம் உண்டு. கட்டிய பின்னரும் குறித்த காலம் பழுது பார்க்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. கலங்கள் மாதிரிக்கு எடுத்துச் சோதிக்கப்பட்டன. குறை கண்டால் தண்டம். இலட்சக்கணக்கான கலங்கள் அங்கு எழுந்ததற்கும், அவற்றுட் பெரும்பாலானவை தொடர்ந்து எரிந்ததற்கும் இக்கண்டிப்பே காரணம்.

ஜேர்மனி வேறு வழியிற் சென்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் மின்னுக்கு நல்ல விலை உறுதியளித்தது. 2004இல் பயிரிலிருந்து ஆக்கும் வாயுவிற்கு மேலும் விலை கூட்டியது. கழிவைச் செரிக்கவேண்டிய கலங்களுக்காக உழவர்கள் சோளத்தைப் பயிரிடத் தொடங்கினர். உணவு விளைந்த நிலம் கலத்திற்குத் தீனி விளைக்கும் நிலமாயிற்று. 2012இல் சோளத்தின் பங்கிற்கு 60 சதவீதம் என அரசு எல்லை வகுக்க நேர்ந்தது.

பிரித்தானியா 2011இல் வெப்பத்திற்கே விலை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிப் புதுமை செய்தது. மரபுவழி எரிபொருளின்றி ஆக்கப்படும் ஒவ்வோர் அலகு வெப்பத்திற்கும், செரிகலத்தில் பிறந்து தூய்மையாக்கிக் குழாய்வழி செலுத்தப்படும் வாயுவிற்கும் பணம் கிடைத்தது. 2021இல் அத்திட்டம் புதியோருக்கு மூடப்பட்டு, வாயுவிற்கெனத் தனித்திட்டம் வந்தது. ஆனால் வட அயர்லாந்தில் 2012இல் தொடங்கிய இதையொத்த திட்டத்தில், மரத்துண்டு எரிக்கும் கொதிகலங்களுக்குக் கொடுத்த விலை எரிபொருளின் விலையிலும் மிகுந்திருந்தது, மேல்வரம்பும் இருக்கவில்லை. எவ்வளவு எரித்தாலும் இலாபமே! வெறுமையான கட்டடங்களையும் சூடாக்கினரென்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2016இல் திட்டம் மூடப்பட்டது. அதனால் எழுந்த பிணக்கில் 2017 சனவரியில் அங்குள்ள ஆட்சியே கவிழ்ந்தது. நல்லெண்ணம் மட்டும் நல்ல திட்டமாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மீற்றர் காணாத சுடர்

நம் நாட்டிலும் விலையளிக்கும் முறை உண்டு. 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட சிறு மின்னாக்குநரிடம் மின்சார சபை நியமித்த விலைக்கு மின் வாங்கும் ஒப்பந்தமுறை 1990களில் தோன்றியது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபேறான சக்தி அதிகாரசபை அமைந்தது. இவற்றின் பயனாக ஊவாவின் ஓடைகளிலும் சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளிற் பெறவேண்டுமென்று 2021இல் உலகிற்கு அளித்த உறுதிமொழியும் மின்சாரத்தைப் பற்றியதே.

இங்குதான் குறை தோன்றுகின்றது. மின்கம்பிக்குட் செல்லும் அலகை மீற்றர் காணும். அதற்குப் பணம் கிடைக்கும். கொழுந்தெடுத்து மீண்ட ஒரு தாய் மாலையில் ஏற்றும் நீலச்சுடரை எந்த மீற்றரும் காண்பதில்லை. ஆதலின் விலையளிக்கும் முறையால் அவளுக்கு ஒரு சதமும் வாராது. பெருங்கலம் கட்டும் முதலாளிக்குத் திறந்த கதவு, இரண்டு பசு வைத்திருக்கும் குடும்பத்திற்கு மூடியே இருக்கின்றது. அளவு மானி வைத்து ஒவ்வோர் அடுப்பின் வெப்பத்தையும் அளத்தல் இயலாது, செலவும் மிகும். எனவே சிறு குடும்பங்களுக்கு வெப்ப விலையன்று, முன்மானியமே தக்கது. சந்தைக்கும் விடுதிக்கும் அமைக்கும் பெரிய கலங்களுக்கு அளந்து விலை கொடுத்தல் தகும்.

இலயத்தின் இடர்

தோட்ட மக்களுக்கு இன்னுமோர் இடருண்டு, அதுவே தலையாயது. மானியம் கேட்பவரிடம் அரச அலுவலகங்கள் முதலிற் கேட்பது காணி உறுதியை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. நான்கு தலைமுறையாக வாழ்ந்த இலயத்தின் பின்புறத்தில் ஒரு குழி வெட்டுதற்கும் தொழிலாளிக்கு உரிமையில்லை. உறுதியுடையோர்க்கே மானியம் என்னும் விதி இருக்குமிடத்தில், அது சட்டப்படி எல்லார்க்கும் பொதுவாயினும் நடைமுறையில் அவனை விலக்கி வைக்கின்றது.

7 பேர்ச் நிலத்துடன் தனிவீடு கட்டிக்கொடுக்கும் திட்டங்கள் இதற்கு ஓரளவு வழி திறந்தன. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக, எட்டுக் கன மீற்றர்க் கலத்திற்கு அதில் இடமுண்டு. ஆயின் நாள்தோறும் வெளிவரும் 80 லீற்றர் கரைசலை அச்சிறு நிலம் தாங்காது. அதனைத் தோட்டமே ஏற்றுத் தேயிலைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இடுதல் வேண்டும். 40 கிலோ சாணத்தில் ஏறத்தாழ 160 கிராம் நைதரசன் உண்டு. ஓராண்டில் அது 58 கிலோ ஆகும். 125 கிலோ யூரியாவிலுள்ள நைதரசனுக்கு ஒப்பாகும். இது தோட்டம் முழுவதற்கும் போதாதெனினும், ஓடையில் விடத்தக்க பொருளுமன்று.

நிலத்தின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து இலயங்களை மூடியதை ஊவா மக்கள் மறக்கமாட்டார்கள். சரிவிலே கண்டபடி குழி வெட்டுதலும் கரைசலைப் பாயவிடுதலும் ஆபத்தாகும். கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுதல் இன்றியமையாதது. நீரும் ஒரு பிரச்சினையே. அதே 2014ஆம் ஆண்டின் ஈற்றில் உமா ஓயாச் சுரங்கத்தினுள் நீர் கசிந்தபோது பண்டாரவளைப் பகுதியிற் பல கிணறுகள் வற்றின. 120 மெகாவாற்று மின்தரும் அத்திட்டம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. பெருந்திட்டத்தின் பயன் நாடு முழுவதற்கும் செல்ல, அதன் நோவு அயலூருக்கு மிஞ்சிற்று. நாளொன்றுக்கு 40 லீற்றர் நீர் கேட்கும் கலத்தைத் திட்டமிடுவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும். கொட்டில் கழுவிய நீரையே பயன்படுத்தின் புதுநீர் வேண்டுவதில்லை.

வேண்டுவன யாவை?

மேற்கூறியவற்றிலிருந்து அரசின் கடன் தெளிவாகின்றது.

முதலாவது, காணி உறுதிக்குப் பதிலாகத் தோட்ட முகாமையின் எழுத்துமூல அனுமதியையும் வதிவுச் சான்றையும் ஏற்று மானியம் வழங்குதல். குடும்பம் இடம் பெயரின் கலத்தின் பெறுமதியை அதற்கு ஈடுசெய்யும் விதியும் அவ்வனுமதியில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மானியத்தை ஒரே முறையிற் கொடாது பகுத்துக் கொடுத்தல். கட்டி முடிந்ததும் ஒரு பகுதி. ஓராண்டு கழித்து அடுப்பு எரிகின்றதா என்று பார்த்த பின் மறுபகுதி. மானியம் செலவில் ஒரு பங்காகவே இருத்தல் நன்று. எரிப்பதனால் இலாபம் வரும் அளவிற்கு உயருமாயின் வட அயர்லாந்தின் கதையே இங்கும் நிகழும்.

மூன்றாவது, குளிர்நாட்டிற்கெனப் பெரிய கொள்ளளவும் கூடுதல் மானியமும் வகுத்தல். சமவெளிக்கு வகுத்த கலத்தை இங்கு கட்டி, வாயு போதவில்லை என்று மக்களைக் குறைகூறுதல் நீதியாகாது.

நான்காவது, தோட்ட இளைஞர்க்குக் கலம் கட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சியளித்தல். பழுது பார்ப்பவர் கொழும்பிலிருந்து வரவேண்டியிருப்பின் கலம் வெடிப்புடனேயே கிடக்கும்.

ஐந்தாவது, கெப்பெட்டிப்பொல போன்ற மரக்கறிச் சந்தைகளில் அழுகி ஒதுங்கும் கழிவிற்குப் பொதுக்கலம் அமைத்தல். 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து பல உயிர்களைக் குடித்தது. சேதனக் கழிவைக் குவித்து வைத்தலின் முடிவு அதுவே.

இறுதியாக, எமது கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். ஊவாவின் குளிரில் ஒரு கிலோ சாணம் மாதந்தோறும் எவ்வளவு வாயு தருமென்பதை ஆண்டு முழுதும் அளந்து எழுதிய ஏடு ஒன்று இருந்தால், இக்கட்டுரையில் நாம் ஊகித்துக் கழித்த மூன்றிலொரு பங்கு திருத்தமான எண்ணாக மாறும். அரசிடம் மானியம் கேட்கச் செல்வோர் கையில் அது சான்றாக இருக்கும். அதற்கு வேண்டியவை ஒரு சிறு கலம், ஒரு வெப்பமானி, ஒரு வாயுமானி, தவறாது குறித்து வைக்கும் இரண்டு மூன்று மாணவர் ஆகியனவே. விடுதிச் சமையலறையின் பின்னே அதற்கு இடமுண்டு. கலத்திற்கு வேண்டிய பொருளைப் பழைய மாணவர் தருவாராயின், அளக்கும் உழைப்பை மாணவர் தருவர். இவ்விழா ஆண்டிலேயே அப்பணி தொடங்குமாக.